அண்ணாமலையார் கொடுக்கும் திதி

தைப்பூசத்தன்று அண்ணாமலையார் மேளதாளத்தோடு ஈசான்ய தீர்த்தத்துக்கு எழுந்தருளுகிறார். தீர்த்தவாரி முடிகிறது. கோயிலுக்குத் திரும்பப் புறப்படும் நேரத்தில் சாமிக்கு ஒரு சேதி வருகிறது: வல்லாள மகாராஜா போர்க்களத்தில் இறந்துவிட்டார். அதோடு தவிலும் நாதஸ்வரமும் நின்றுவிடுகின்றன. வந்த வழியெல்லாம் முழங்கிய ஊர்வலம், சாவுச் சேதி கேட்ட பிள்ளை வீடு திரும்புவதுபோல, சத்தமில்லாமல் கோயில் திரும்புகிறது.

அடுத்த மாதம் மாசி மகம். திருவண்ணாமலையை அடுத்த பள்ளிகொண்டாப்பட்டில், கௌதம நதிக்கரையில், அண்ணாமலையார் அந்த ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். தமிழ்நாட்டில் மாசி மகத்துக்கு ஆற்றிலும் கடலிலும் தீர்த்தவாரி காணும் சாமிகள் ஏராளம். திருவண்ணாமலை சாமியோ இறந்துபோன மனிதன் ஒருவனுக்கு மகனாக நின்று நீத்தார் கடன் செய்யப் போகிறார்.

இந்த உறவு எப்படி வந்தது என்பதைச் சைவ எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில் வரும் வல்லாள மகாராஜனின் கதை சொல்கிறது. வல்லாளனுக்கு மல்லமாதேவி, சல்லமாதேவி என்று இரண்டு ராணிகள். பிள்ளை இல்லை. கேட்டதைக் கேட்டவருக்குக் கொடுப்பது என்று ராஜா விரதம் பூண்டிருந்தான். சோதிக்க வந்த சிவன், சிவனடியார் வேடத்தில் அரண்மனைக்குள் நுழைந்து, இன்றிரவுக்கு ஒரு தாசி வேண்டும் என்றார். ஊரிலிருந்த தாசிகள் எல்லோர் வீட்டிலும் அன்றைக்கு ஆள் இருந்தது. அதுவும் சிவன் செய்த ஏற்பாடுதான். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இளைய ராணி சல்லமாதேவி தானே போக முன்வந்தாள். அவள் அறைக்குள் போய்ப் பார்த்தபோது, தூங்கிக்கொண்டிருந்த அடியார் பச்சைக் குழந்தையாகக் கிடந்தார். ராஜா ஓடி வந்து வாரி எடுத்தான். எடுத்த கையிலிருந்து குழந்தை மறைந்துபோனது. உனக்கு மகனாக இருந்து உன் கடைசிக் கடனை நானே செய்வேன் என்று சிவன் வாக்குக் கொடுத்தார் என்கிறது புராணம்.

மகனைக் கையில் வைத்திருந்த நேரம் அவ்வளவுதான். அந்தச் சில கணங்களுக்கான கடனைத்தான் அண்ணாமலையார் ஆண்டுதோறும் தீர்த்துவருகிறார்.

இந்த வல்லாளன் புராணத்தில் மட்டும் வாழ்ந்தவன் அல்லன். ஹொய்சள அரசன் மூன்றாம் வீர வல்லாளன்தான் அவன். 1292 முதல் 1342 வரை, ஐம்பது ஆண்டு ஆண்டவன். அவனுடைய தலைநகர் துவாரசமுத்திரம், இன்றைய ஹளேபீடு. 1311-ல் மாலிக் காபூரின் படை அங்கே வந்தது. 1327-ல் துக்ளக் படை வந்து நகரை மீண்டும் பாழாக்கியது. அதன் பிறகு வல்லாளன் தமிழ்நாட்டுப் பக்கம் நகர்ந்து, திருவண்ணாமலையைத் தன் தலைநகராக்கிக்கொண்டான். ஊருக்கு அவன் வெளியூர்க்காரன், பேச்சாலும் பிறப்பாலும் கன்னட நாட்டான். அந்த அந்நியனுக்குத்தான் இந்த ஊர் தன் சாமியையே பிள்ளையாகக் கொடுத்திருக்கிறது. ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால், ஆயிரங்கால் மண்டபத்தையும் சிவகங்கைத் தீர்த்தத்தையும் கடந்தவுடன் எதிர்ப்படும் கோபுரத்துக்கு இன்றும் வல்லாள மகாராஜா கோபுரம் என்றுதான் பெயர்.

அவன் செத்த விதம் கொடுமையானது. 1335-ல் மதுரையில் தனி சுல்தானகம் உருவாகியிருந்தது. அதை முறியடிக்க, திருச்சிக்கு வடக்கே கண்ணனூர்க் கோட்டையை வல்லாளன் மாதக்கணக்கில் முற்றுகையிட்டான். உள்ளே இருந்தவர்கள் பசியில் தவித்து, சரணடையத் தங்கள் சுல்தானிடம் சம்மதம் கேட்டுவர அவகாசம் கேட்டார்கள். வல்லாளன் பதினான்கு நாள் கொடுத்தான். அந்த அவகாசத்துக்குள் மதுரை சுல்தான் கியாசுதீன் தாம்கானி படையோடு வந்து, ஹொய்சளப் படை அசந்திருந்த நேரம் பார்த்துப் பாய்ந்தான். வல்லாளன் பிடிபட்டான். வயது எண்பதை ஒட்டி. விடுதலை செய்வதாக ஆசை காட்டி அவனிடமிருந்த செல்வத்தையும் யானை குதிரைகளையும் கறந்துகொண்டு, பிறகு கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதில்மேல் தொங்கவிட்டார்கள். அப்படித் தொங்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதிவைத்திருப்பவர் மொராக்கோ யாத்ரீகர் இபின் பதூதா. அவர் கியாசுதீனுக்குச் சகலை. எதிரியின் வீட்டு மனிதர் எழுதிய சாட்சியம் அது. ஹொய்சளர் பக்கத்தின் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. புராணம் சொல்வதுபோல வல்லாளன் பிள்ளையில்லாதவன் அல்லன். விருபாட்ச வல்லாளன் என்ற மகன் அவனுக்கு இருந்தான். தகப்பனுக்குப் பின் 1346 வரை நான்காம் வல்லாளன் என்ற பெயரில் அரசாண்டான், அவனோடு ஹொய்சள வம்சமே முடிந்தது. பெற்ற மகன் இருந்த ராஜாவுக்கு ஊர் ஏன் இன்னொரு மகனைக் கொடுத்தது?

மதுரை மதிலில் விடை இருப்பதாகத் தோன்றுகிறது. கோட்டைச் சுவரில் தோலாகத் தொங்கிய மனிதனுக்கு எந்த மகன் கொள்ளி வைத்திருக்க முடியும்? எந்த ஆற்றில் அஸ்தி கரைத்திருக்க முடியும்? ஐம்பதாண்டு ஆண்ட ராஜாவுக்கு ஈமக்கடன் முறையாக நடந்திருக்க வழியே இல்லை. அந்தக் குறையை ஊர் தன் மனத்தில் வைத்திருந்து, எந்த சுல்தானாலும் தடுக்க முடியாத ஒரு மகனை அவனுக்கு ஏற்பாடு செய்துகொடுத்தது என்று வாசித்தால் கதை பொருந்துகிறது. வல்லாளன் இறந்தது செப்டம்பர் மாதத்தில். திதி நடப்பதோ மாசியில், தமிழ்நாடு முழுவதும் முன்னோரை நினைத்து நீராடும் நாளில். ஊர் தன் தலைவனை எல்லோருடைய முன்னோர்களோடும் சேர்த்து உட்காரவைத்துவிட்டது.

எப்படியானாலும், தத்துப்பிள்ளை என்ற எண்ணத்தின் பழைய உருவம் முழுதாக இந்தக் கதைக்குள் இருக்கிறது. பிள்ளை எதற்கு? கொள்ளி வைக்க, திதி கொடுக்க, பேர் சொல்ல. பழைய இந்து தர்ம நூல்களும் அதைத்தான் சொல்லின. ஆகவே தத்து என்றால் ஆண் பிள்ளை; அதுவும் சொந்த சாதிக்குள், முடிந்தால் பங்காளி வீட்டிலிருந்து. கொடுப்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்குப் பிள்ளை மாற வேண்டும். அந்தக் கைமாற்றம்தான் தத்தின் உயிர். ஹோமம் வளர்ப்பதும் வளர்க்காததும் சாதிக்குச் சாதி மாறும்.

செட்டிநாட்டில் இதைத் தத்து என்றுகூடப் பேச்சில் சொல்வதில்லை. 'பிள்ளை கூட்டுவது' என்பார்கள். பிள்ளைக்கு மஞ்சள் நீர் கொடுத்துக் கூட்டிக்கொள்வது நகரத்தார் வழக்கம். அப்படிப் போன பிள்ளைகளில் தமிழகம் முழுதும் அறிந்த ஒருவர் உண்டு. 1927-ல் சிறுகூடல்பட்டியில் பிறந்த முத்தையா, சிறுவயதில் 7,000 ரூபாய்க்குச் சுவீகாரம் போய், போன வீட்டில் நாராயணன் ஆனார். பின்னாளில் அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் கண்ணதாசன். ஒரே ஆளுக்கு மூன்று பெயர்! வீடு மாறும் பிள்ளைக்குப் பெயர் மாறுவது எத்தனை சாதாரணமாக நடந்திருக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம். ஆனால் அவருக்குத் தன் பெற்றோர் யார், எந்த ஊர், எத்தனை ரூபாய் என்பது எல்லாம் தெரிந்திருந்தது. தெருவுக்கே தெரிந்த விஷயத்தைப் பிள்ளையிடம் மறைக்க முடியாது.

சொத்து பெரிதாக இருக்கும் இடத்தில் தத்து வழக்காடு மன்றத்துக்குப் போனது. ராமநாதபுரம் சமஸ்தானத்தில் ஆண் வாரிசில்லாமல் சேதுபதி இறந்தபின், ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். கணவன் உயிரோடு இருக்கும்போது அனுமதி கொடுக்காமல் கைம்பெண் தத்தெடுக்க முடியாது என்று சொல்லி, சமஸ்தானத்தை அரசுக்கு எடுத்துக்கொள்ளப் பார்த்தவர் மதுரை கலெக்டர். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1868-ல் முடிந்தது. தமிழ்நாட்டில் உறவினர் சம்மதத்தோடு கைம்பெண் தத்தெடுக்கலாம். தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிய நூலைவிடப் பெரிது என்று தீர்ப்பானது. கலெக்டர் தோற்றார். ராணி தத்தெடுத்த பிள்ளைதான் முத்துராமலிங்க சேதுபதி. அதே 1868-ல் அவருக்குப் பிறந்த மகன் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தரைச் சிகாகோ போகத் தூண்டி உதவிய அதே பாஸ்கர சேதுபதிதான். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் அந்த வழக்கின் பெயரிலேயே கலெக்டர் நின்றுகொண்டிருக்கிறார். இந்தக் கலெக்டரை நினைவில் வைத்திருங்கள், மறுபடி வருவார்.

பெண் பிள்ளைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. பெண்ணைத் தத்தெடுத்தால் செல்லாது என்பதுதான் அன்றைய சட்டம். விதிவிலக்காக வழக்கத்தில் இருந்த ஒரு கூட்டம் கோயில் தாசியர். அவர்கள் பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து, ஆட்டமும் பாட்டும் கற்றுக்கொடுத்து, சொத்தையும் கொடுத்தார்கள். அந்த முறையையே 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் முடித்துவைத்தது.

சட்டம் செல்லாது என்று சொன்ன காலத்தில் திருவண்ணாமலையிலேயே ஒரு பெண் ஒரு பெண்ணைத் தத்தெடுத்தார். போளூர்ப் பக்கம் மண்டகொளத்தூரைச் சேர்ந்த லட்சுமி அம்மாள். எச்சம்மாள் என்றால்தான் ரமணாசிரமத்துக்காரர்களுக்குத் தெரியும். கணவன், மகன், மகள் மூவரையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்து, பித்துப் பிடித்ததுபோல அலைந்து, 1907 வாக்கில் அருணாசலத்துக்கு வந்தவர். மலைமேல் குகையில் இருந்த இளம் ரமணரின் முன் உட்கார்ந்து எழுந்தபோது துக்கம் வடிந்தது என்பார்கள். அதிலிருந்து நாள் தவறாமல் அவருக்குச் சோறு சமைத்து எடுத்துக்கொண்டு மலை ஏறினார். 1945-ல் சாகும்வரை அந்தச் சோறு நின்றதில்லை.

அவர் ரமணரிடம் கேட்டுக்கொண்டு செல்லம்மாள் என்ற சிறுமியைத் தத்தெடுத்தார். வளர்த்தார், கல்யாணம் செய்துகொடுத்தார். பேரன் பிறந்தான்; ரமணன் என்று பெயர் வைத்தார்கள். ஒரு நாள் தந்தி வந்தது. செல்லம்மாள் இறந்துவிட்டாள். எச்சம்மாள் அந்தத் தந்தியை எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடினார். வாங்கிப் படித்த ரமணரின் கண்ணில் நீர் வந்தது. சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பிய எச்சம்மாள், கையோடு கொண்டுவந்த கைக்குழந்தையை ரமணரின் கையில் வைத்தார். மறுபடியும் அவர் கண் கலங்கியது. ஆசிரம நூல்களில் பதிவான காட்சி இது. சட்டத்தின் கண்ணில் எச்சம்மாள் தாயும் அல்ல, செல்லம்மாள் மகளும் அல்ல. திதி கொடுக்கவோ கொள்ளி வைக்கவோ சொத்தைக் காக்கவோ அந்தப் பெண்ணை அவர் எடுக்கவில்லை. வளர்க்க ஒரு பிள்ளை வேண்டியிருந்தது, எடுத்தார். தத்தின் வரலாற்றில் பெரிய திருப்பம் எது என்று கேட்டால், தீர்ப்புகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு இந்த அம்மாளைத்தான் காட்டத் தோன்றுகிறது.

எச்சம்மாள் இறந்து பதினொரு ஆண்டு கழித்து, 1956-ல், இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் பெண் பிள்ளையையும் தத்தெடுக்கலாம் என்றது. பெண்ணும் தன் பெயரில் தத்தெடுக்கலாம் என்றது. ஹோமம் யாருக்கும் கட்டாயமில்லை என்றது. கைமாற்றம் கட்டாயம் என்ற பழைய முறையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது.

ஆனால் அந்தச் சட்டம் இந்துக்களுக்கு மட்டும். கடல் கடந்து வரும் தம்பதிகளுக்கு அதில் வழியில்லை. 1960-களிலிருந்து ஸ்வீடன், ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், சுவிட்சர்லாந்து என்று பல நாட்டுக் குடும்பங்கள் இந்தியக் குழந்தைகளைத் தேடி வந்தன. அவர்களுக்கு இருந்த ஒரே வாசல் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். நீதிமன்றத்தில் காப்பாளராக அனுமதி வாங்கி, குழந்தையைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய், அங்கே தத்தெடுப்பார்கள். இந்தியாவை விட்டுப் புறப்படும்போது அந்தக் குழந்தை யாருக்கும் மகனும் இல்லை, மகளும் இல்லை. நடுவானில் அது காப்பாளர் மடியில் இருக்கும் ஒரு மைனர், அவ்வளவே.

இந்தப் பயணத்தில் நன்மை பெற்ற பிள்ளைகள் உண்டு. கர்நாடகத்தின் உடுப்பியில், கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனையில், 1970-ல் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. அனசூயா என்ற அந்தத் தாய், பிள்ளைக்கு நல்ல வாழ்வு அமைய வேண்டும் என்று சொல்லி ஜெர்மன் மருத்துவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஃபிரிட்ஸ், எலிசபெத் குக்கர் என்ற சுவிஸ் தம்பதி அவனைத் தத்தெடுத்தார்கள். உடனே விமானம் ஏறிவிடவில்லை. கேரளத்தின் தலச்சேரியில் தங்கி வேலை பார்த்தார்கள், பிள்ளைக்கு நான்கு வயதானபின் ஊர் திரும்பினார்கள். அந்தப் பிள்ளை நிக் குக்கர், 2017-ல் சுவிட்சர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினரானார். தன் மகளுக்கு அவர் வைத்த பெயர் அனசூயா. பெற்றவள் முகம் பார்த்ததில்லை. பெயர் மட்டும் தெரியும். பெயர் தெரிந்திருந்ததால்தான் அதை மகளுக்கு வைக்க முடிந்தது.

பெயர்கூடக் கிடைக்காதவர்கள் ஏராளம். டென்மார்க்கில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை ஒருவர், ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை வைத்துக்கொண்டு பலமுறை சென்னை வந்து தேடி, நாற்பதாண்டு கழித்து 2019-ல் தாயைக் கண்டது செய்தியானது. அந்தத் தாய்க்கும் மகனுக்கும் பொதுவான பாஷை ஒன்று இல்லை. இலங்கையில் நடந்தது இன்னும் மோசம். 1980-களில் சுமார் 11,000 குழந்தைகள் அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனார்கள். தாய் என்று வேறொரு பெண்ணை நடிக்கவைத்துக் கையெழுத்து வாங்கியதும், கொடுப்பதற்கென்றே குழந்தைகளைச் சேகரித்ததும் பின்னாளில் வெளிவந்தன. 2017-ல் இலங்கை அரசே அதை ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் கதவை இறுக்கியது ஒரு கடிதம். வெளிநாட்டுத் தத்து என்ற பெயரில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி 1982-ல் வழக்கறிஞர் லட்சுமிகாந்த் பாண்டே உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். கடிதமே வழக்கானது. 1984 பிப்ரவரியில் நீதிபதி பி.என். பகவதி தந்த தீர்ப்பு, நாடாளுமன்றம் செய்யாமல் விட்ட வேலையைச் செய்தது. முதலில் இந்தியாவுக்குள்ளேயே குடும்பம் தேட வேண்டும். தனி ஆட்கள் மூலம் குழந்தை கைமாறக் கூடாது, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் மூலம்தான் போக வேண்டும். பெற்றவளுக்கு மனம் மாற அவகாசம் தர வேண்டும். போன குழந்தை எப்படி இருக்கிறது என்று தகவல் வந்துகொண்டே இருக்க வேண்டும். 1990-ல் மத்திய தத்தெடுப்பு அமைப்பான காரா வந்தது. 1993-ல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையை இந்தியா 2003-ல் ஏற்றது.

சரி, கொடுக்கப்பட்ட குழந்தைகள் எங்கிருந்து வந்தார்கள்? வீட்டுக்குள் இடமில்லாத பெண் குழந்தைகள் பெரும்பகுதி. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுப் போகலாம் என்பதே அதன் சாரம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் பெண் குழந்தை விகிதம் குறைந்த மாவட்டங்களுக்கு அதை விரித்தார்கள்: கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை. அம்பிகைக்குத் தன் உடம்பில் பாதியைக் கொடுத்த சாமியின் ஊரும் அந்தப் பட்டியலில் இருப்பது வலிக்கிறது. தத்தெடுக்க வரும் குடும்பங்களோ இன்று பெண் குழந்தையையே அதிகம் கேட்கின்றன என்பது ஆறுதல். எச்சம்மாள் அன்று தனியாக நடந்த வழியில் இன்று ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள்.

கடலுக்கு அப்பாலிருந்து ஒரு குடும்பம் இன்று தமிழ்க் குழந்தையைத் தத்தெடுக்க வேண்டுமானால் நடைமுறை நீளம். அவர்கள் நாட்டு அதிகாரிகள் வீட்டை ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். இங்கே குழந்தையைப் பெற்றவர்கள் ஒப்படைத்திருந்தால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் அவர்கள் மனம் மாறலாம். இந்தியாவில் உள்ளவர்களும் வெளிநாடுவாழ் இந்தியர்களும் முன்வராத பிறகே வெளிநாட்டாருக்கு முறை வரும். அதனால் அவர்களிடம் போவது பெரும்பாலும் வயது கூடிய குழந்தை, உடல்நலத்தில் தனிக் கவனம் வேண்டிய குழந்தை, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்தே போக வேண்டிய உடன்பிறப்புகள். குழந்தையின் அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் படமும் இணையம் வழியாகப் போகின்றன. பிறகு உத்தரவு, ஹேக் சான்றிதழ், பாஸ்போர்ட். போனபின் இரண்டு ஆண்டுக்கு அறிக்கை வர வேண்டும்.

காகிதத்தில் இவ்வளவுதான். நான்கு வயதுக் குழந்தைக்குத் தெரிந்த தமிழ் எவ்வளவு இருக்கும்? தண்ணி, சோறு, வலிக்குது, ஆயா எங்கே. விமானம் இறங்கிய வீட்டில் இந்தச் சொற்கள் யாருக்கும் புரியாது. புரியாத வீட்டில் சில மாதங்களுக்குள் அந்தச் சொற்கள் குழந்தையின் வாயிலிருந்தே போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு, புறப்படுவதற்கு முன்பே நாலு தமிழ்ச் சொல் கற்றுக்கொண்டு வரும் பெற்றோர் பாராட்டத் தக்கவர்கள். குழந்தை தண்ணி என்றால் தண்ணீர் கொடுக்கத் தெரிந்த தாய், முதல் இரவிலேயே பாதித் தாயாகிவிடுகிறாள்.

2024-25-ல் இந்தியாவில் காரா வழியாக நடந்த தத்து 4,515. அதில் 4,155 நாட்டுக்குள்ளேயே. மிச்சம் 360 குழந்தைகள்தான் கடல் கடந்தவை. வாங்கும் நாடுகளும் கதவைச் சாத்துகின்றன. டென்மார்க்கின் ஒரே தத்து நிறுவனம் 2024 தொடக்கத்தில் வெளிநாட்டுத் தத்து வேலையை நிறுத்தியது, நெதர்லாந்து அதே ஆண்டில் படிப்படியாக முடித்துக்கொள்ள முடிவெடுத்தது. வெளிநாட்டுத் தத்து என்ற அத்தியாயம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆனால் முன்பே போனவர்கள் இப்போது நாற்பதிலும் ஐம்பதிலும் இருக்கிறார்கள். தங்களுக்குப் பிள்ளை பிறந்தபின்தான் அவர்களில் பலருக்குத் தன்னைப் பெற்றவள் நினைவு அழுத்துகிறது.

நினைவில் வைத்திருக்கச் சொன்ன கலெக்டர் இங்கே திரும்புகிறார். 2021-ல் திருத்தப்பட்ட சிறார் நீதிச் சட்டம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபின், காரா வழித் தத்து உத்தரவுகளில் கையெழுத்திடுபவர் நீதிபதி அல்லர், மாவட்ட ஆட்சியர். தத்தைச் செல்லாததாக்க லண்டன் வரை வழக்காடிய அதே பதவி, இன்று திருவண்ணாமலையில் ஒரு குழந்தைக்குத் தாய் தகப்பன் இன்னார் என்று எழுதிக்கொடுக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வரும் கோப்பு இது. ஒவ்வொரு நாள் தாமதமும் அந்தக் குழந்தை இல்லத்தில் கழிக்கும் ஒரு நாள் என்பதை மறந்துவிடக் கூடாது.

வல்லாள ராஜாவின் பிள்ளைக்கும் கடல் கடந்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று மனத்தை விட்டுப் போவதில்லை. அண்ணாமலையார் யாருக்குப் பிள்ளையானார், எப்படி ஆனார், வளர்க்க நினைத்த தகப்பன் எந்த நாட்டான், எப்படிச் செத்தான் என்பதை ஊர் ஒளித்ததே இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, தையிலும் மாசியிலும், ஊரறிய நடத்திக் காட்டுகிறது. தத்துப்பிள்ளையிடம் உண்மையை மறைத்து வளர்ப்பது நம் வீடுகளில் பின்னால் வந்த பழக்கம், தப்பான பழக்கம். கல்யாணப் பேச்சின்போதோ சொத்துத் தகராறிலோ மூன்றாம் மனிதர் வாயால் கேட்கும் நிலையைப் பிள்ளைக்கு உண்டாக்காதீர்கள். கதை கேட்கும் வயதிலேயே அதன் கதையையும் சொல்லிவிடுங்கள். உள்ளூர்ப் பிள்ளைக்கும் அதுதான், ஸ்டாக்ஹோமில் வளரும் பிள்ளைக்கும் அதுதான்.

இன்னொரு வேண்டுகோள், இந்த மாவட்டத்தில் பழைய பிரசவ ஆஸ்பத்திரிகளையும் குழந்தை இல்லங்களையும் நடத்துபவர்களுக்கும், நடத்தியவர்களின் வாரிசுகளுக்கும். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989 செப்டம்பர் 30-ல். அதற்கு முன் இங்கே பிறந்து வெளிநாடு போன பிள்ளையின் காகிதத்தில் மாவட்டம் வட ஆற்காடு என்றுதான் இருக்கும். அந்தப் பெயரில் இன்று வரைபடத்தில் ஒரு மாவட்டம் கிடையாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் அலைபவர்களுக்கு, உங்கள் பரணில் கரையான் அரித்துக் கிடக்கும் பிரசவப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கலாம்: தேதி, தாயின் பெயர், ஊர். பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் அதை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு பிரதியாவது கொடுத்துவையுங்கள்.